புரதம் பிரிக்கும் சில்லும் நம் தறியும்

பட்டு நூலில் கலப்பு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் நம் நெசவாள அன்பர்கள் செய்யும் சோதனை யாவரும் அறிந்ததே. ஓரிழையைப் பிரித்தெடுத்துத் தீயில் காட்டுவார்கள். மயிர் கருகும் நாற்றம் வீசினால் அது பட்டு. காகிதம் எரிவது போன்ற வாடை எழுந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. கருவி எதுவுமின்றி மூக்கின் துணைகொண்டே செய்யப்படும் இச்சோதனைக்கு அடிப்படை யாதெனில், பட்டும் கம்பளியும் நம் தலைமயிரும் புரதம் என்னும் ஒரே இனப் பொருளால் ஆனவை, பருத்தியோ செல்லுலோஸ் என்னும் வேறினப் பொருளால் ஆனது என்பதேயாகும்.

கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசை போக்குகிறோமே, அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்த வேலைதான். புழு நூற்ற இழையின் உள்ளே இருப்பது பைபிராயின் என்ற புரதம். அதன்மேல் பூசியிருக்கும் பசை செரிசின் என்ற மற்றொரு புரதம். நூறு கிலோ கச்சாப் பட்டை வேகவைத்தால் இருபது முதல் முப்பது கிலோ வரை எடை குறைவது இந்தச் செரிசின் கரைந்து போவதால்தான். ஒரு புரதத்தை மற்றொரு புரதத்தினின்றும் பிரித்துத் தூய்மை செய்யும் இக்காரியத்தை நாம் அண்டாவில் செய்கிறோம். இதே காரியத்தைத் தபால்தலையளவுள்ள கண்ணாடித் துண்டின்மீது, ஒரு துளியிலும் நூறில் ஒரு பங்கான திரவத்தைக்கொண்டு செய்து முடிக்கும் கருவிகள் இன்று உலகின் ஆராய்ச்சிச்சாலைகளில் புழங்குகின்றன. சிப் என்று வழங்கும் இவற்றைத் தமிழில் சில்லு என்கிறோம். நெசவுக்கும் பயிருக்கும் இவற்றோடு உள்ள தொடர்பு, கேட்ட மாத்திரத்தில் தோன்றுவதைவிட நெருக்கமானது.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். புரதங்களைப் பிரிப்பது ஏன் இவ்வளவு பெரிய வேலையாக இருக்கிறது? எல்லாப் புரதங்களும் அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகை மணிகளைப் பலவாறு கோத்த மாலைகளே. ஆகவே ஒன்றுக்கொன்று சாயல் மிகுதி. அன்றியும், அவை தனித்து வாழ்வதில்லை. நம் இரத்தத்தின் தெளிநீரை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின் ஒன்றே. நோயைக் காட்டிக் கொடுக்கும் சில புரதங்களோ ஆல்புமினில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. நெற்களஞ்சியத்தில் ஒரு கேழ்வரகைத் தேடுவது இதைவிட எளிது எனலாம்.

இந்தத் தேடலுக்கு இன்று பயன்படும் தலையாய வழிகளுள் ஒன்று கம்பளித் தொழிலின் மடியில் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திரார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் கம்பளி நெசவுக்குப் பேர்போனது. அங்கே கம்பளித் தொழிலுக்கென அமைந்த ஆராய்ச்சிச் சங்கத்தில் ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிஞ்ச் என்ற இரு விஞ்ஞானிகள், கம்பளிப் புரதத்தில் எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிய முயன்றனர். கம்பளியை அமிலத்தில் வேகவைத்து உடைத்தால் கிடைப்பது எல்லாம் கலந்த கூழ். அதைப் பிரிக்க அவர்கள் 1941-இல் கண்ட உபாயம் வியக்கத்தக்க எளிமையுடையது. ஈரம் ஏறிய சிலிக்காத் தூளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, கலவையை மேலே இட்டு, குளோரோபாரத்தை ஊற்றினார்கள். தூளிலுள்ள நீரை விரும்பும் பொருள் பின்தங்கிற்று. குளோரோபாரத்தை விரும்பும் பொருள் முந்தி ஓடிற்று. 1944-இல் அதே இடத்தில் குழாயும் தூளும் போய், வடிகட்டும் காகிதமே போதும் என்றாயிற்று. காகிதத்தின் ஓரத்தைத் திரவத்தில் நனைத்தால் அது ஏறும். ஏறும்போது அமினோ அமிலங்களை வெவ்வேறு தூரத்தில் விட்டுச் செல்லும். நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்தால் ஊதாப் புள்ளிகள் தோன்றும். சாயம் தோய்த்த துணியில் ஈரம் ஏறினால் நிறங்கள் பிரிந்து வரிவரியாக நிற்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய காகித முறையைத் துணைக்கொண்டே பிரெடரிக் சாங்கர் இன்சுலின் புரதத்தின் 51 மணிகளையும் வரிசை தப்பாமல் எழுதிக்காட்டி, 1958-இல் தாமும் அப்பரிசு பெற்றார்.

காகிதத்திலிருந்து சில்லுக்கு வந்த கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், வாயுக்களைப் பிரிக்கும் கருவியொன்றை முழுவதும் ஒரு சிலிக்கான் வில்லையின்மேல் குடைந்து காட்டினர். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பாதை சுருள் சுருளாக அவ்வில்லைக்குள் அடங்கியது. ஆயினும், பத்தாண்டுகள் அதைத் தொடர்வார் அதிகம் இல்லை. 1990-இல் சுவிட்ஸர்லாந்தின் பாசெல் நகரில் சிபா-கைகிக் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடைய கூட்டாளிகளும், மாதிரி எடுப்பது முதல் விடை சொல்வது வரை எல்லா வேலையும் ஒரே சில்லில் நடைபெற வேண்டும் என்ற கொள்கையை வகுத்தனர். இக்கம்பெனியின் ஒரு கிளை, 1859-இல் ஒரு பட்டுச் சாயக்காரர் தம் பட்டறையில் சிவப்புச் சாயம் காய்ச்சியதில் தொடங்கியது. 1996-இல் அக்கம்பெனி மற்றொன்றோடு இணைந்து நோவார்ட்டிஸ் எனப் பெயர் மாறிற்று. சாயப் பட்டறையில் விதைத்தது எங்கெங்கோ கிளைத்துவிட்டது.

பாதையைச் சிறிதாக்குவதால் என்ன ஆதாயம்? இடமும் மருந்தும் மிச்சமாகும் என்பது சிறு ஆதாயமே. பெரிய ஆதாயம் காலத்தில் இருக்கிறது. அசையாத நீரில் ஆல்புமின் மூலக்கூறு ஒன்று தானே பரவி 1 மில்லிமீட்டர் தூரம் செல்ல இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். தூரத்தை அதில் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், நேரம் பத்தில் ஒன்றாக அன்று, நூறில் ஒன்றாகக் குறைகிறது. ஒன்றரை நிமிடத்துக்குள் காரியம் முடிகிறது. மேலும் பத்தில் ஒன்றாக்கினால் ஒரு நொடி போதும். மயிரிழையின் பருமனுள்ள வாய்க்காலில் ஒரு புரதம் தன் துணையைச் சந்திக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக ஒரு விந்தை உண்டு. ஆற்றில் இரு ஓடைகள் கூடினால் சுழித்துக் கலக்கும். மயிரிழை வாய்க்காலிலோ நீர் சுழிப்பதில்லை. இரு திரவங்களை ஒரே வாய்க்காலில் விட்டால், பாவில் அடுத்தடுத்து நிற்கும் இரு இழைகள் போல், பின்னாமல் பக்கம்பக்கமாகவே ஓடுகின்றன. எல்லை தாண்டுவது தானே பரவும் மூலக்கூறுகள் மட்டுமே. அவற்றுள்ளும் சிறியவை விரைந்து தாண்டும், புரதம் போன்ற பெரியவை மெல்லத் தாண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1990-களில் இவ்வியல்பையே வடிகட்டியாக்கினர். இரத்தம் ஒரு பக்கமும் தூய நீர் மறுபக்கமும் ஓட, உப்பும் மருந்தும் நீருக்குத் தாண்ட, பெரும் புரதங்கள் இருந்த பக்கமே போய்விடும். சல்லடை இல்லாத சலிப்பு!

மூன்றாவது ஆதாயம் வெப்பத்தைப் பற்றியது. புரதங்களை மின்சாரத்தால் ஓடவிட்டுப் பிரிக்கும் முறைக்காக சுவீடன் நாட்டின் ஆர்னே டிசேலியஸ் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். மின்னழுத்தம் மிகுந்தால் ஓட்டமும் விரையும். ஆனால் திரவம் சூடேறிக் குழம்பிவிடும். வாய்க்கால் மெல்லியதாயின் சூடு உடனுக்குடன் கண்ணாடிக்குள் இறங்கிவிடுவதால், மின்னழுத்தத்தை அஞ்சாமல் கூட்டலாம். இவ்வகைச் சில்லில் இரு வாய்க்கால்கள் சிலுவைபோல் குறுக்கிடுகின்றன. மாதிரியை ஒன்றின் வழியே இழுத்துச் சந்திப்பில் நிறுத்தி, மின்சாரத்தை மாற்றினால், சந்திப்பிலிருந்த சிறு துணுக்கு மட்டும் மற்றொரு வாய்க்காலில் பாய்கிறது. அவ்வாய்க்காலில் வலைபோன்ற கூழ் நிரம்பியிருக்கும். சிறிய புரதம் முந்தும், பெரியது பிந்தும், முடிவில் லேசர் ஒளி ஒவ்வொன்றையும் எண்ணும். 1999-இல் ஒரு கம்பெனியார் இவ்வகைக் கருவியை முதன்முதல் விலைக்குக் கொண்டுவந்தனர். அதில் சில ஆண்டுகளுள் புரதச் சில்லும் சேர்ந்தது. பழைய கூழ்ப்பலகையில் அரை நாளுக்கு மேல் பிடித்த வேலை, பத்து மாதிரிகளுக்கு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிகிறது.

நிற்க. இவற்றையெல்லாம் படித்துவிட்டு, இனி மருந்துப் புரதங்களையும் சில்லிலேயே தூய்மை செய்து குப்பியில் அடைக்கலாம் என்று எண்ணுவது தவறு. சில்லில் தூய்மை செய்வதும் நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றக்கூடிய எதிர்ப்பொருளைக் காந்தமணிகளின்மேல் பூசி, வாய்க்காலில் காந்தத்தால் நிறுத்தி, கலவையை அதன்மேல் ஓட்டுவர். வேண்டியது மணியில் ஒட்டும். வேண்டாதது கழுவுநீரோடு போகும். பிறகு சிறிது அமிலம் விட்டால் ஒட்டியது கழன்று வரும். ஆனால் கிடைப்பது ஒரு கடுகின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது யாது என்று அறிய அது போதும், ஊசிமருந்துக்குப் போதாது. இன்சுலின் செய்யும் ஆலையில் இன்றும் ஆளுயரக் குழாய்களே தூய்மை செய்கின்றன. அக்குழாயில் எந்த உப்பு, எவ்வளவு அமிலம் என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளும் மாதிரித் தறியாகவே சில்லு உதவும் என்பது நம் கருத்து.

மற்றோர் இடர் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். வாய்க்கால் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் நீரைவிடச் சுவரின் பரப்பே மிகுதியாகிறது. புரதம் ஒட்டும் குணமுடையது. முட்டை வெண்கரு தட்டில் காய்ந்தால் படும் பாட்டை வீட்டுப் பெண்டிர் அறிவர். தேடிவந்த அரும்புரதம் சுவரிலேயே ஒட்டிக்கொண்டால் முடிவில் எண்ணுவதற்கு ஒன்றும் இராது. ஆகவே பாவுக்குக் கஞ்சி போடுவது போல், வாய்க்காலின் உட்சுவருக்கும் முன்னதாக ஒரு பூச்சு இடுகிறார்கள். பல சோதனைகளின் வெற்றியும் தோல்வியும் இந்தக் கஞ்சியிலேயே இருக்கின்றன. ஆராய்ச்சியாளர் எழுதும் கட்டுரைகளில் இதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, சில்லு சிறிதாயினும் அதைச் சுற்றியுள்ள சாமான்கள் சிறிதல்ல. திரவத்தைத் தள்ளும் பம்பு, மின்னழுத்தக் கருவி, லேசர் எல்லாம் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஆராய்ச்சிச்சாலைக்கு ஒரு மேசை நிறைய எடுபிடிகள்! இதனால் சில்லு, ஆராய்ச்சிச்சாலையை விட்டு வயலுக்கும் சிற்றூர் ஆஸ்பத்திரிக்கும் வருவது தடைப்பட்டது. இந்தத் தடையைத் தாண்ட அறிஞர்கள் லீட்ஸ் நகரத்துக் காகிதத்தையே மீண்டும் நாடினார்கள். காகிதத்தில் திரவம் தானே ஏறுமாதலின் பம்பு வேண்டுவதில்லை. 2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர், திரவம் ஊறாத பொருளால் காகிதத்தில் கரைகட்டி, நடுவே சிறு வாய்க்கால்கள் அமைத்தனர். அக்காகிதத்தின் நுனியை நனைத்தால், ஒரு கிளையில் குளூக்கோஸும் மற்றொரு கிளையில் புரதமும் நிறமாற்றத்தால் தெரிந்தன.

நம் பயிர்த்தொழில் அன்பர்களிடம் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு கருவி முன்பே வந்து சேர்ந்துவிட்டது. பருத்தி விதைக்கான சோதனைப் பட்டையையே குறிப்பிடுகிறோம். பி.டி. பருத்தியை வியாபார ரீதியில் பயிரிட 2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அச்செடி, காய்ப்புழுவின் குடலைக் கெடுக்கும் கிரை1ஏசி என்ற புரதத்தைத் தானே உண்டாக்குகிறது. விதையைக் கண்ணால் பார்த்து அதில் இப்புரதம் உண்டா இல்லையா என்று சொல்ல எவராலும் ஆகாது. போலி விதை விற்பவர்களுக்கு இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்? நாகபுரியிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தார், நம் கோயம்புத்தூரிலும் கிளையுள்ளவர்கள், இப்புரதத்தைக் காட்டும் பட்டைகளை உருவாக்கினர். இலைத் துணுக்கையோ விதையையோ சிறு குப்பியில் இட்டு, உடன்வரும் திரவத்தோடு நசுக்கி, பட்டையின் நுனியை அதில் நனைக்க வேண்டும். திரவம் மேலேறும் வழியில், எதிர்ப்பொருள் பூசிய பொன்துகள்கள் காத்திருக்கும். புரதம் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு சென்று, முதற்கோட்டில் சிக்கிச் செந்நிறம் காட்டும். எஞ்சிய துகள்கள் இரண்டாம் கோட்டில் சிக்கும். சில நிமிடங்களில் விடை தெரியும். பட்டையின் உடல் நைட்ரோ செல்லுலோஸ். அது மரக்கூழிலிருந்தோ பருத்திக்கொட்டையின் குறும்பஞ்சிலிருந்தோ செய்யப்படுவது. பருத்தியைச் சோதிக்கப் பருத்தியின் உறவே வருகிறது.

விதையை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்கு வழங்கும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே செய்ய இயலாததைச் சங்கம் ஒரு விதைத்தொகுதிக்கு ஒருமுறை செய்துவிடலாம். ஆனால் பட்டை சொல்வது எது, சொல்லாதது எது என்று அறிந்தே செய்ய வேண்டும். புழுக்களுக்குப் புகலிடமாகப் பி.டி. அல்லாத விதை சிறு பங்கு கலந்தே விற்கப்படும் பொட்டலங்கள் உண்டு. ஆகவே ஒரு விதையில் கோடு தோன்றவில்லை என்பதால் விற்றவர் மோசக்காரர் ஆகிவிடார். பல விதைகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். கோடு தோன்றுவதால் பயிர் பிழைக்கும் என்றும் கொள்ளக்கூடாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்புரதத்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டதாகக் குஜராத்திலிருந்து 2010-இல் அறிவிப்பு வந்தது. விதையில் புரதம் இருக்கும், புழுவும் இருக்கும்! மேலும், பட்டையைக் காட்டி விற்பனையாளர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியாது. அதற்கு விதை ஆய்வாளர் முறைப்படி எடுத்த மாதிரியும், அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையும் வேண்டும். இரண்டாம் கோடு தோன்றாவிடில் அப்பட்டையே பழுது. முதற்கோடு என்ன சொன்னாலும் தள்ளிவிட வேண்டும்.

காகிதம் வந்தபின் துணி பின்தங்குமா? பெங்களூரிலுள்ள அசிரா என்ற ஆராய்ச்சிக் கம்பெனியார் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, நெசவாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. அவர்கள் சில்லைக் கண்ணாடியில் குடையவில்லை, கைத்தறியில் நெய்தார்கள். நீரை ஈர்க்கும் பட்டிழையையும் ஈர்க்காத பட்டிழையையும் தெரிந்தெடுத்து, ஜக்கார்டின் துணையால் துணியிலேயே வாய்க்கால் வரைந்தனர். ஈர்க்கும் இழை வாய்க்கால். ஈர்க்காத இழை கரை. எதிர்ப்பொருளில் தோய்த்து உலர்த்திய இழையை வேண்டிய இடத்தில் கோத்து நெய்ய, அவ்விடமே சோதனைக் கோடாயிற்று. திரவம் எவ்வளவு விரைவாக ஓட வேண்டும், எவ்வளவு உறிஞ்சப்பட வேண்டும் என்பவற்றை நூலின் முறுக்கையும் நெசவின் நெருக்கத்தையும் மாற்றியே அவர்கள் அமைத்துக்கொண்டனர். துணியைத் தறியிலிருந்து இறக்கித் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு சோதனைச் சில்லு. 2015-இல் அதே கம்பெனியார், மின்சாரம் கடத்தும் மை பூசிய பட்டிழைகளை நெய்து, குளூக்கோஸையும் இரத்தச் சிவப்பான ஹீமோகுளோபின் புரதத்தையும் அளக்கும் துணிச் சில்லையும் காட்டினர்.

சில்லு செய்யத் தூசியற்ற அறைகளும் பெருமுதலும் வேண்டும் என்றிருந்த நிலையில், நாட்டில் ஏற்கெனவே நிற்கும் தறியும் ஏற்கெனவே கைவந்த பயிற்சியும் போதும் என்று இந்த ஆய்வு காட்டிற்று. ஆயினும் ஆய்வில் வெற்றி வேறு, அங்காடியில் நிலைப்பது வேறு. இன்று மருந்துக் கடைகளில் விற்கும் பட்டைகள் காகிதமும் நைட்ரோ செல்லுலோஸுமே; பட்டுத்துணி அல்ல. அவை ஆலைகளில் இலட்சக்கணக்கில் ஒரே சீராக அச்சாகி வருகின்றன. துணி அவற்றோடு போட்டியிட வேண்டுமாயின் விலையைவிடச் சீரே பெரிய கேள்வியாகும். சேலையில் ஓர் ஊடை தவறினால் இரண்டாந்தரம் என்று விலை குறையும். சோதனைத் துணியில் ஓர் ஊடை தவறினால், ஒரு நோயாளிக்கு நோய் இல்லை என்று விடை வரும். அன்றியும் எதிர்ப்பொருள் தானும் ஒரு புரதமாதலின் சூட்டில் உருக்குலையும். அதைத் தோய்த்த ஊடையை நம் தறிக்கூடத்துச் சித்திரை வெயிலில் வைத்து நெய்ய முடியாது. தோய்ப்பதற்கும் உலர்த்துவதற்கும் குளிர்ந்த, ஈரம் குறைந்த இடம் ஒன்று வேண்டும். நூல் தரும் இடத்திலேயே அதன் முறுக்கையும் பசை போக்கிய அளவையும் ஒவ்வொரு கண்டுக்கும் அளந்து எழுதி வைக்க வேண்டும். இவ்வேலைக்கு முன்வரும் நெசவுச் சங்கம் எதுவாயினும், முதலில் போட வேண்டிய முதல் தறிக்கன்று, அந்த ஓர் அறைக்கே.